காரணம்: தெரிந்தவர்

பிப்ரவரி 3

என் வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், மூட்டுவலியும் என்னோடு சேர்ந்து நன்றாகவே இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, நேரத்துக்குத் தூங்குகிறாயா என்று போனில் கேட்டால் 'ம்' என்பாய். அதற்காகத்தானே இரண்டு வருடத்துக்கு முன்னால் போனை விட்டுவிட்டுக் கடிதத்துக்கு வந்தோம். வெறும் 'ம்' எழுதிக் கடல் தாண்டித் தபாலில் அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு சேதி. சிரிக்காதே. அறுபத்திரண்டு வயதில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ரிட்டயரானதிலிருந்து சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். உன் அப்பா இருந்தவரைக்கும் அவரோடு பேசியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அது வேறு விஷயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் அம்மா போன வாரம் கூப்பிட்டு, என் குரலுக்கு ஒரு இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். மறுநாளே கிளம்பிவிட்டேன்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது அந்த இடம். வாசலில் 'தையல் பயிற்சி' என்று போர்டு. உள்ளே போனதும் ஒரு பழைய தையல் மெஷின், அதைத் தாண்டித் தடுப்புக்குப் பின்னால் மூன்று மேசை, மூன்று போன். பெண்களுக்கு நடக்கக் கூடாதது நடந்து, அதை வெளியே சொல்ல முடியாமல் இருக்கிறார்களே, அவர்கள் கூப்பிடுகிற நம்பர் அது. தமிழ் பேசுகிற பெண் எந்த நாட்டிலிருந்தும் கூப்பிடலாம். யார் மாடி ஏறுகிறார்கள் என்று தெரு பார்த்துக்கொண்டே இருக்குமே, அதற்காகத்தான் தையல் போர்டு. நேற்று ஒரு அம்மா நிஜமாகவே ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், இரண்டு பக்கமும் பிடித்துத் தர வேண்டுமாம். திருப்பி அனுப்ப மனசில்லாமல் நானே உட்கார்ந்து பிடித்துக் கொடுத்தேன்.

சொந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாதாம். எக்ஸ்சேஞ்சில் ஏழாம் நம்பர் சீட்டில் இருந்ததால் என்னை 'ஏழு' என்றே கூப்பிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? இங்கேயும் ஏழு என்றே வைத்துக்கொண்டேன்.

மாமா வந்து ட்யூப்லைட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். உன்னை விசாரித்தான்.

உன் அம்மா

*

பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து இந்த மாதமும் நூற்றுக்கு மேல் பொய்ப்பல் செய்திருக்கிறேன். என் பற்கள் ரொம்ப ஒழுங்காக இருக்கின்றன, நிஜப் பல் என்றால் கொஞ்சம் கோணல் வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் குறை சொல்கிறார். கோணலாகச் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மாமாவைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம் என்று போன வருடமே கேட்டிருந்தேன். மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். ஒரு பெண் கூப்பிட்டு, தனக்கு இப்படி நடந்தது என்று சொன்னால் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

மகள்

*

மார்ச் 11

என் வாயாடிக்கு,

நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை வருடமாயிற்று. கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

முதலில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். "நான் உங்களை நம்புறேன்." எப்போது, எங்கே, யார் என்று எதையும் கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், கண்டிப்புக்காரி. அந்த வாக்கியம் மனப்பாடம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி என்னைப் பத்து நாள் விடவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி பால்கனியிலிருந்து கேட்டுவிட்டு, இந்த வயசில் யாரைப் போய் நம்புகிறீர்கள் என்று கேட்டாள்.

முதல் நாளே தப்புப் பண்ணினேன். "அப்ப வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டேன். டக்கென்று வைத்துவிட்டாள். ஏன் கத்தவில்லை, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, இந்த மாதிரிக் கேள்வி எதுவுமே கூடாதாம். நம் பெண்கள் நடந்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல மாட்டார்கள். 'ஒரு மாதிரி நடந்துக்கிட்டார்' என்பார்கள், 'அந்த விஷயம்' என்பார்கள். அவர்கள் என்ன வார்த்தை வைத்திருக்கிறார்களோ அதையே நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும், பெரிய வார்த்தையைத் தூக்கி அவர்கள் தலையில் வைக்கக் கூடாது. கண்ணு, தங்கம் என்று உறவும் கொண்டாடக் கூடாது. பாதிப் பேருக்கு அதைச் செய்தவனே உறவுக்காரன்தானாம். தெருநாயைக்கூடக் கண்ணு என்று கூப்பிடுகிறவள் நான், வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு சட்டம் இருக்கிறது. கூப்பிட்டவள் நமக்குத் தெரிந்தவள் என்று பட்டால் உடனே அடுத்த மேசைக்கு மாற்றிவிட வேண்டும். நம் ஜனம் எங்கே போனாலும் ஒருவருக்கொருவர் தெரிந்துதானே இருக்கிறது. அவளுக்கும் வெட்கம், நமக்கும் வாய் சும்மா இருக்காது. மாற்றிவிட்டு நோட்டில் நேரம், மேசை, காரணம் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இது எனக்குப் பழகிய வேலை. முப்பத்தோரு வருடம் "லைன்ல இருங்க" என்று சொல்லி இணைத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டவள். ஒரு நாள்கூட யார் பேச்சையும் ஒட்டுக்கேட்டதில்லை.

நேற்று ஒரு பெண் முக்கால் மணி நேரம் பேசினாள். பாதி நேரம் அழுகைதான். கடைசியில், "இதை எங்கம்மாகிட்ட சொன்னப்ப அவங்க டிவி சத்தத்தைக் கூட்டினாங்க" என்றாள். இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

உன் அம்மா

*

ஏப்ரல் 2

அம்மாவுக்கு,

இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை.

எனக்குப் பதினாலு வயது. நீ சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாய். உன் தம்பி முந்தின நாள் என்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று வந்து சொன்னேன். பெரிய வார்த்தை எனக்கும் அப்போது தெரியாது. 'மாமா ஒரு மாதிரி நடந்துக்கிட்டார்' என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் முழுவதும் சொன்னேன். நீ தண்ணீரை வடித்தாய். "போய் முகத்தைக் கழுவிட்டு வா. அப்பா காதுல போட்டுடாத" என்றாய். அவ்வளவுதான். இருபத்திமூன்று வருடம் ஆகிறது.

அவர் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார். டீ டம்ளரை என் கையில் கொடுத்து அவருக்குக் கொண்டுபோகச் சொன்னதும் நீதான். வாயாடி ஏன் பேசுவதே இல்லை என்று அப்பா கேட்டபோது, வயசுக்கு வந்த பெண் அப்படித்தான் இருப்பாள் என்றாய். இன்னும் என்னை வாயாடி என்றுதான் எழுதுகிறாய்.

சண்டை போட எழுதவில்லை. அவரை எதுவும் செய்யச் சொல்லவில்லை. நீ அழ வேண்டாம், விளக்கமும் வேண்டாம். முன்பின் தெரியாதவர்களுக்குத் தினமும் சொல்கிறாயே ஒரு வாக்கியம், அதை எனக்கு எழுது. கடிதத்தில் வேறு ஒரு வரியும் வேண்டாம். முப்பத்தேழு வயதில் இதைக் கேட்பது எனக்கே சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது. ஆனால் அது இல்லாமல் என்னால் முடியவில்லை.

மகள்

*

ஏப்ரல் 29

என் செல்லத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் போடக் கொஞ்சம் தாமதம். சமையலறைக் குழாய் ஒழுகி ரிப்பேர்க்காரன் பின்னால் அலைந்தேன். ஆபீசில் மூன்றாவது மேசைக்கு ஆள் வந்துவிட்டது, மருந்துக்கடையில் இருபது வருடம் நின்றவள், பேச்சுக்குப் பேச்சு மாத்திரை பெயர் சொல்வாள். என் இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், ஜூலையில் ஆபரேஷன்.

நீ எழுதியிருந்த விஷயம். எனக்கு அப்படி எதுவும் ஞாபகத்தில் இல்லை, சத்தியமாக யோசித்துப் பார்த்தேன். அந்த வருடம்தானே உனக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் வேகத்தில் என்னென்னவோ உளறிக்கொண்டிருந்தாய், டாக்டரே பயந்தார். நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. உன்னை நம்பாமல் நான் யாரை நம்பப் போகிறேன்?

மாமாவுக்கும் வயதாகிவிட்டது, சர்க்கரை, கால் வீக்கம். அப்பா போன பிறகு ஒரு அவசரம் என்றால் எனக்கு ஓடிவர அவன் ஒருத்தன்தான். ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் கூட்டிப்போக வேண்டும். பழையதைக் கிளறி இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது சொல்லு. உடம்பைப் பார்த்துக்கொள். நல்ல டாக்டராகப் பார்த்துத் தூக்கத்துக்கு ஏதாவது கேள்.

அம்மா

*

ஜூன் 18

அம்மாவுக்கு,

'உன்னை நம்பாமல் யாரை நம்பப் போகிறேன்' என்று எழுதியிருந்தாய். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற நம்பிக்கை அது. நான் கேட்டது அது இல்லை என்று உனக்கும் தெரியும். எனக்கு டைபாய்டு வந்தது எட்டு வயதில்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. போன செவ்வாய்க்கிழமை, உங்கள் மத்தியானம் மூன்றரை மணிக்கு, ஒரு பெண் கூப்பிட்டாள். தொண்டை கட்டியிருந்தது. அது நான்தான்.

உங்கள் நம்பரை இணையத்தில் தேடி எடுத்தேன். உன்னை மாட்டிவிடக் கூப்பிடவில்லை. அந்த வாக்கியத்தை உன் குரலில் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றிருந்தது. எனக்குத்தான் சொல்கிறாய் என்று உனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வேறு யாராவது எடுத்தால் பேசாமல் வைத்துவிடுவதாக இருந்தேன். நீ எடுத்தாய். துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு பேசினேன். நடந்தபோது வயது பன்னிரண்டு என்றேன், பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். நீ அவசரப்படவே இல்லை. நான் மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாய். அப்புறம் சொன்னாய். "நான் உங்களை நம்புறேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அம்மா, வாஷிங் மெஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். உன் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. இத்தனை வருடம் அந்தக் குரலை எங்கே வைத்திருந்தாய்?

அத்தோடு வைத்திருக்க வேண்டும். ஆசை விடவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. பேசப் பேச, சொல்லிவைத்த பொய் மறந்துபோய், "அந்தாள் கையெல்லாம் பச்சைப் பெயின்ட். அந்த வாசனை வந்தா இப்பவும் குமட்டுது" என்று வாயில் வந்துவிட்டது.

உன் பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில் சொன்னாய். "லைன்ல இருங்க. வேற ஒருத்தருக்கு மாத்துறேன்."

உங்கள் சட்டம் எனக்குத் தெரியும், நீதான் எழுதினாய். தெரிந்தவர் என்றால்தான் மாற்ற வேண்டும். என் குரலை நீ கேட்டு இரண்டு வருடமாகிறது, அன்றைக்கு அது என் குரலாகவும் இல்லை. வயது பொய், ஆள் பொய். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க உன் தம்பி வந்து தங்கிய வாரத்தைப் பற்றி எந்தக் கடிதத்திலும் நான் ஒரு வரி எழுதவில்லை. பச்சைப் பெயின்ட் என்றதும் நான் யார் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. எதுவும் ஞாபகம் இல்லாதவளுக்கு அது எப்படித் தெரியும்? அடுத்த ஆள் வருவதற்குள் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 31 வரைக்கும் இந்த வீட்டில் இருப்பேன். அப்புறம் வேறு ஊரில் வேலை. புது முகவரியை உனக்குத் தரப்போவதில்லை, போன் நம்பரும் மாறும். அதுவரைக்கும் வருகிற தபாலைப் பிரித்துப் படிப்பேன். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மகள்

*

ஆகஸ்ட் 9

மகளுக்கு,

நீ சொன்ன தேதி போய்விட்டது. தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்த வீட்டுக்குப் புது ஆட்கள் குடிவருவது தள்ளிப்போயிருக்கலாம், நீ இன்னும் அங்கேயே இருக்கலாம், தபால்காரர் உன்னைத் தெருவில் பார்த்துக் கையில் கொடுக்கலாம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்றைக்கு உன்னை மாற்றிவிட்டு நோட்டை எடுத்தேன். மூன்று ஐம்பது, மேசை மூன்று, காரணம்: தெரிந்தவர். எழுத்து குண்டு குண்டாக, எப்போதும் போல. லைன் கட்டாகிவிட்டது என்று மருந்துக்கடைக்காரி சொன்னாள். சட்டப்படி எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. அதை நினைத்தால் இப்போது என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றும் ஞாபகம் இருக்கிறது. நீ முகம் கழுவப் போன பிறகு அழுக்குக் கூடையில் உன் பாவாடையைப் பார்த்தேன். பின்பக்கம் பச்சையாக நாலு விரல். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன், போகவில்லை. வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். மறுநாள் காலையிலேயே அவனை அனுப்பிவிட்டு, மீதிச் சுவரை நானே அடித்து முடித்தேன். அதற்குப் பிறகு அவனை ஒரு ராத்திரிகூட நம் வீட்டில் தங்கவிட்டதில்லை. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். டீ கொடுத்தனுப்பியது, அப்பாவுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக.

ஆக நான் உன்னை அன்றைக்கே நம்பினேன். நம்பாத மாதிரி இருந்தேன். நம்புகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டால் அடுத்து நான் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும். அவன் எனக்குத் தம்பி, நான் தூக்கி வளர்த்தவன். செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் உன்னைக் காய்ச்சல்காரி ஆக்கினேன்.

உன் கடிதம் வந்ததும் பதில் எழுதாமல் இல்லை. ஜூலை பன்னிரண்டாம் தேதி எழுதி, உறையில் போட்டு, விலாசமும் எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் கண் ஆபரேஷன். அவன் சொட்டுமருந்து விட வந்தான். நான் அவசரமாக உறைமேல் பேப்பரைப் போட்டு மூடினேன். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டேன். அவன் கை என் முகத்துக்கு நேராக, விரல்களை விரித்துக்கொண்டு வந்தது. எழுந்து வெளியே போடா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கண்ணைத் திறந்து மருந்தை வாங்கிக்கொண்டேன். அவன் போன பிறகு அந்தக் கடிதத்தை அனுப்ப எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கிழித்துப் போட்டேன். அப்படி மூன்று கிழித்தேன். தேதி போய்விட்டது.

வேலையை விட்டுவிட்டேன். உனக்குப் பிறகு ஒரு பெண் கூப்பிட்டாள். அவளிடம் அந்த வாக்கியம் வரவில்லை. வாயைத் திறந்தால் உன் மூச்சுதான் கேட்டது. பேசுங்க, பேசுங்க என்று அவள் பாவம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளையும் அடுத்த மேசைக்கு மாற்றிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். நான் உன்னை நம்புகிறேன்.

அம்மா

*

செப்டம்பர் 14

மகளுக்கு,

போன மாதம் போட்ட உறை பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. ஆள் வீடு மாறிவிட்டதாக முத்திரை குத்தியிருக்கிறது. உன் நம்பரைக் கூப்பிட்டேன், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். முப்பத்தோரு வருடம் நானும் அதை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அதே மரியாதையோடு. சொட்டுமருந்தை இப்போது நானே விட்டுக்கொள்கிறேன், பாதி கன்னத்தில் வழிகிறது. அவனை இனி வராதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன்.

இதை உறையில் போடாமல் கார்டில் எழுதுகிறேன். இதுவும் உன் கைக்கு வராது, எனக்குத் தெரியும். தபால் பிரிக்கிறவர்கள், தூக்கிக்கொண்டு போகிறவர்கள், உன் வீட்டில் இப்போது இருக்கிறவர்கள், திருப்பிக் கொண்டுவந்து தரப்போகிற நம் தெருத் தபால்காரர், எத்தனை பேர் கையில் படுகிறதோ அத்தனை பேரும் படிக்கட்டும். திரும்பி வந்தால் மறுபடியும் போடுவேன்.

மாமா ஒரு மாதிரி நடந்துக்கிட்டார் என்று பதினாலு வயதில் என் மகள் என்னிடம் வந்து சொன்னாள். அந்த மாமா என் கூடப்பிறந்த தம்பி. நான் அவளை முகம் கழுவிட்டு வரச் சொன்னேன். அவள் சொன்னது எல்லாம் உண்மை. நான் அவளை நம்புகிறேன்.

அம்மா